ஏற்காட்டு மலையின் காலைச் சாப்பாடு: யாருடைய நேரம்?

போன டிசம்பரில் இரண்டு நாள் ஏற்காட்டில் இருந்தேன். போன வேலை என்னவோ பழைய காப்பித் தோட்டங்களைப் பற்றிக் குறிப்பு எடுக்கத்தான். திரும்பி வந்து நோட்டைப் புரட்டினால் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுதி வைத்திருக்கிறேன். குறிப்பாக, காலைச் சாப்பாட்டைப் பற்றி.

காரணம் ஒரு டீக்கடை. காலை ஏழு மணி, நல்ல பனி. டீயை ஊதிக் குடித்துக்கொண்டே கைப்பேசியில் ஒரு பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன். அவசரமான காலைகளுக்குப் பத்தே நிமிடத்தில் செய்யக்கூடிய சத்தான உணவுகள் என்று தலைப்பு. ஊற வைத்த ஓட்ஸ், வாழைப்பழ ஸ்மூத்தி, முட்டை டோஸ்ட், இப்படிப் போகிறது. அந்த நேரத்தில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள். காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு தூக்குப்போசி.

இவர்களுடைய காலையை விட அவசரமான காலை யாருக்கு இருக்கும்? அந்தத் தூக்குப்போசியில் என்ன இருக்கும்னு கடையில் இருந்த ஆயாவிடம் கேட்டேன். "சோறுதான் சாமி, ராத்திரி வடிச்சது" என்றார். முன்னெல்லாம் கூழ்தானே என்று இழுத்தேன். அவர் சிரித்துவிட்டு, "குடிக்கறதுக்குக் கூழ் சுலபம். ஆக்கறதுக்குத்தான் ஆள் வேணும்" என்றார்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. காலை உணவில் நாம் "சீக்கிரம்" என்று சொல்கிறோமே, அந்த மிச்சமாகும் நேரம் உண்மையில் எங்கே போகிறது? யார் தலையில் போய் உட்காருகிறது?

மலையும் மக்களும்

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்த பெயர் என்று சொல்வார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். ஊரைத் தாண்டி மலை முழுவதற்கும் பெயர் சேர்வராயன் மலை. உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் சாமிதான் மலைக்கே அந்தப் பெயரைக் கொடுத்தவர்.

இங்கே காலம் காலமாக இருப்பவர்கள் மலையாளிகள். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்ததாகவும், மூத்தவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் பச்சைமலை, கொல்லிமலைப் பக்கமும் தங்கிவிட்டதாகவும் அவர்களிடையே ஒரு கதை உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் தொகுதிகளில் இந்தக் கதையைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்த மலையின் பழைய சாப்பாடு நெல் இல்லை. சாமை, தினை, கேழ்வரகு. (சேலம் பக்கம் கேழ்வரகை ராகின்னுதான் சொல்வாங்க, நானும் இனி அப்படியே எழுதுகிறேன்.) சரிவான நிலம், மெலிந்த மண், வானம் பார்த்த விவசாயம். இதில் நெல் எங்கே போட்டுப் பார்ப்பது? பள்ளத்தில் தண்ணீர் நிற்கிற துண்டு நிலத்தில் கொஞ்சம் விளையும், அவ்வளவுதான். சாமைக்கு அந்தக் கவலை இல்லை. ஆடி மழையைப் பிடித்து விதைத்துவிட்டால் கொஞ்ச நாள் மழை ஏமாற்றினாலும் தாங்கிக்கொள்ளும். அறுத்துக் காயவைத்து மேல்தோலோடு வைத்தால் பூச்சி அண்டாமல் வருஷக்கணக்கில் இருக்கும்.

"மேல்தோலோடு" என்ற சொல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கூழின் கணக்கு

இப்போது கூழுக்கு வருவோம். ராகிக் கூழ் எப்படிச் செய்வது என்று தெரிந்தவர்களுக்கு இது பழைய கதை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதல் நாள் இரவு ராகி மாவைத் தண்ணீரில் கரைத்து மூடி வைக்க வேண்டும். மறுநாளுக்குள் அது லேசாகப் புளிக்கும். மறுநாள் சாயங்காலம் நொய்யை, அதாவது உடைந்த அரிசியையோ சாமையையோ, வேகவைத்து, பாதி வெந்ததும் புளித்த மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். கட்டி தட்டக் கூடாது, அடி பிடிக்கக் கூடாது. வெந்து இறுகியதும் இறக்கி ஆறவைத்து, மண்சட்டியில் அப்படியே இரவு முழுக்க விட வேண்டும். மூன்றாம் நாள் காலையில் ஒரு உருண்டையை எடுத்து, மோரும் உப்பும் போட்டுக் கரைத்தால் கூழ். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இருந்தால் மோர் மிளகாய்.

இப்போது கணக்குப் போடுங்கள். காலையில் ஆகிற நேரம் இரண்டு நிமிடம். அடுப்பே மூட்ட வேண்டாம். பனிக்காலத்தில் ஈர விறகோடு மல்லுக்கட்ட வேண்டாம். தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் சுமார் ஒன்றரை நாள் இருக்கிறது.

சத்து விஷயத்திலும் இது சாதாரண சாப்பாடு இல்லை. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அதே அளவு தீட்டிய வெள்ளை அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். தானியத்தின் தோலில் இருக்கும் ஃபைட்டிக் அமிலம் என்ற பொருள் இரும்பு, கால்சியம் போன்றவற்றை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்துக்கொள்ளும். மாவைப் புளிக்க வைத்தால் அது குறையும். நம் ஆட்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, ஆனால் புளிக்க வைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், என் கைப்பேசிப் பட்டியலில் முதலில் இருந்த "ஊற வைத்த ஓட்ஸ்" இதே யோசனைதான். சுவிட்சர்லாந்தில் பிர்ச்சர் பென்னர் என்ற மருத்துவர் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் நோயாளிகளுக்கு ஓட்ஸை முன்கூட்டியே ஊறவைத்து, ஆப்பிளோடு கொடுத்தார். இன்றைய மியூஸ்லிக்கு அதுதான் தாய். இரவில் ஊறவைத்துக் காலையில் சாப்பிடுவது, உலகத்தில் தானியம் தின்கிற எல்லா ஊரிலும் யாராவது கண்டுபிடித்த வழிதான். நம்ம ஊர் பழையசோறும் நீராகாரமும் அதே குடும்பம்.

உரல் சொல்கிற கதை

ஆயா சொன்னதில் இன்னொரு பாதி இருக்கிறது. கூழ் ஆக்க ஒன்றரை நாள் என்று சொன்னேன். அது மாவு கையில் இருந்தால். நொய் கையில் இருந்தால்.

நெல்லுக்கு மேலே உமி இருப்பது போலச் சாமைக்கும் உண்டு. ஆனால் சாமை மணி மிகச் சின்னது. மேல்தோலோ கெட்டி, மணியோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். அதனால்தான் பூச்சி அண்டுவதில்லை. அதனாலேயே அதை உரிப்பதும் பாடு. உரலில் போட்டு உலக்கையால் குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும், மறுபடி புடைக்க வேண்டும். மெதுவாகக் குத்தினால் தோல் போகாது. வேகமாகக் குத்தினால் மணி உடைந்து நொய்யாகும். (கூழுக்கு நொய் போடும் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று இப்போது யூகிக்கலாம்.) ராகிக்கு உமி உரிக்கிற வேலை குறைவு, ஆனால் திரிகையில் அரைக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்தது யார்? வீட்டுப் பெண்கள். எப்போது செய்தார்கள்? காட்டு வேலை முடிந்து வந்த பிறகு சாயங்காலத்தில், அல்லது விடிவதற்கு முன்னால். குடும்பத்துக்கு இரண்டே நிமிடத்தில் காலைச் சாப்பாடு கிடைக்கிறது என்றால், அதற்கான மணி நேரங்களை ஒருத்தி முன்கூட்டியே கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

கூழைப் பற்றி இன்று எழுதுகிற பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். நானும்தான். நம் முன்னோர்கள் எவ்வளவு ஆரோக்கியமாகச் சாப்பிட்டார்கள் என்று பெருமைப்படுவதோடு நிறுத்திவிடுகிறோம். உலக்கை பிடித்துக் காய்த்துப்போன கைகள் அந்தப் பெருமையில் சேர்வதில்லை.

காப்பி வந்த பிறகு

இந்த மலையின் கடிகாரத்தை மாற்றியது காப்பி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்து நட்டார். பேரி, ஆப்பிள் மாதிரி மேல்நாட்டுப் பழ மரங்களையும் அவர்தான் அறிமுகப்படுத்தினார் என்பார்கள். அவரோடு தொடர்புடைய கிரேஞ்ச் எஸ்டேட் இன்றும் ஏற்காட்டில் இருக்கிறது. பிறகு வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். காடு தோட்டமானது. 1882-ஆம் வருடத்து மதராஸ் வனச் சட்டத்துக்குப் பிறகு, மிச்சமிருந்த காட்டில் வெட்டி எரித்துப் புனம் விதைப்பதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. சாமையும் தினையும் விளைந்த இடம் இரண்டு பக்கமிருந்தும் சுருங்கியது.

நிலம் சுருங்கியவர்கள் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்கள். அதோடு நேரமும் கைமாறியது. சொந்தப் புனத்தில் வேலை செய்கிறவருக்குக் காலை என்பது வெயில் ஏறும் வரை. தோட்டத்தில் அப்படி இல்லை. பேர் பதிகிற நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டும். அதிலும் நவம்பர் முதல் ஜனவரி, பிப்ரவரி வரை பழம் பறிக்கும் பருவம். செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் சிவப்பதில்லை. பழுத்ததை மட்டும் பொறுக்க வேண்டும், சில நாள் கழித்து மறுபடி அதே செடிக்கு வர வேண்டும். அதனால் அந்தச் சில மாதம் ஆள் தேவை அதிகம். சாமை அறுத்து முடித்து, குத்துவதற்கு நேரம் தேவைப்படுகிற மாதங்களும் கிட்டத்தட்ட அவையேதான்!

இன்னொரு பக்கம் பாருங்கள். மலையில் விளைந்த காப்பி கீழே இறங்கி என்ன செய்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து தமிழ் நடுத்தர வர்க்க வீடுகளில் காலை நீராகாரத்தின் இடத்தைக் காப்பி மெல்லப் பிடித்தது. பழையது சாப்பிட்ட காலம் போய் எல்லோரும் காப்பிக்கு அடிமையாகிவிட்டார்களே என்று அந்தக் காலப் பத்திரிகைகளில் புலம்பல்கள் நிறைய. ஆ.இரா. வேங்கடாசலபதி இதைப் பற்றி "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" என்று ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். 1930-களில் ஏற்றுமதிச் சந்தை சரிந்தபோது உள்நாட்டிலேயே குடிக்க வைக்க அரசே முனைந்தது. 1935-இல் காப்பிக்கு ஒரு தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்து, இந்தியா காபி ஹவுஸ்களைத் திறந்தார்கள்.

ஆக, சமவெளியில் காலைச் சாப்பாட்டை மாற்றிய பயிரை விளைவித்த கைகள், மலையில் கூழையும் சோற்றையும் சுமந்துகொண்டு தோட்டத்துக்குப் போயின. 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, 150 பேருக்கு மேல் வேலை செய்கிற தோட்டத்தில் உணவகம் வைக்கச் சொல்லலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. பெண்கள் அதிகம் வேலை செய்கிற இடங்களில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்றும் இருந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த எண்ணிக்கைக்குக் கீழே இருக்கிற சின்னத் தோட்டத்தில் வேலை செய்கிறவளுக்கு உணவகப் பிரிவால் என்ன பயன்? அவளுக்குத் தூக்குப்போசிதான்.

அரிசியும் ரவையும்

சாமையைத் தூக்குப்போசியிலிருந்து கடைசியாக வெளியே தள்ளியது அரிசி. அதுவும் ரேஷன் அரிசி. தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2006-இல் கிலோ 2 ரூபாய்க்கு வந்தது, 2008-இல் 1 ரூபாய்க்கு இறங்கியது, 2011 ஜூன் மாதத்திலிருந்து இலவசம்.

மலை மக்கள் தங்கள் பாரம்பரியத்தை விட்டுவிட்டார்கள் என்று இதைப் பற்றி வருத்தப்பட்டு எழுதுகிறவர்கள் உண்டு. அந்த ஆயாவின் இடத்திலிருந்து யோசித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மாலை முழுக்கக் குத்திப் புடைத்தால்தான் சோறாகும் தானியம். இன்னொரு பக்கம் கழுவி உலையில் போட்டால் அரை மணியில் சோறு, அதுவும் காசில்லாமல். பகலெல்லாம் காப்பிச் செடி நடுவே குனிந்து நிமிர்ந்து வந்தவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? அரிசி அவளுக்குக் கொடுத்தது வெறும் சோறு இல்லை, சாயங்கால நேரத்தையும் சேர்த்துத்தான் கொடுத்தது. கால்சியமும் நார்ச்சத்தும் போனது உண்மை. போனதற்குப் பதில் என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

பக்கத்து மலையில் இதை நிரூபிக்கிற மாதிரி ஒரு அனுபவம் இருக்கிறது. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து சிறுதானியங்களைக் காப்பாற்ற வேலை செய்தது. அங்கேயும் மலையாளிகள்தான், அங்கேயும் சாமைதான். சாமை போட்ட நிலமெல்லாம் மரவள்ளிக்கு மாறிக்கொண்டிருந்தது. கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குக் காசு கொடுத்தன. விதையைச் சேமிப்பது, விலை கிடைக்கச் செய்வது என்று பல வழிகளை முயன்றார்கள். அதில் முக்கியமான ஒன்று, ஊருக்குள்ளேயே சின்னதாக உமி நீக்கும் இயந்திரம் வைத்து, அதைச் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தது. சாமையைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் உலக்கையிலிருந்து பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்று அங்கே புரிந்துகொண்டார்கள்.

அரிசிக்கு அடுத்து ரவை. இன்று தமிழ்நாட்டில் அவசரக் காலைக்கு மறுபெயர் உப்புமாதான், பிடிக்கிறதோ இல்லையோ. ரவைக்கு ஊறவைக்க வேண்டாம், புளிக்க வைக்க வேண்டாம், குத்த வேண்டாம். அந்த வேலையை மாவு ஆலை முடித்துவிட்டது. 1960-களில் பள்ளியில் படித்தவர்களைக் கேட்டால் இன்னொரு உப்புமாவைப் பற்றியும் சொல்வார்கள். கேர் அமைப்பு மூலம் அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை ரவையிலும் மக்காச்சோள மாவிலும் கிண்டியது, கூடவே பால் பவுடர் கரைத்த பால். அமெரிக்காவிலேயே குவேக்கர் நிறுவனம் 1922-இல் சீக்கிரம் வேகும் ஓட்ஸைக் கொண்டுவந்தபோதும் செய்தது இதைத்தான்: தானியத்தை இன்னும் மெல்லியதாக நசுக்கி, சமையலறை நேரத்தை ஆலைக்கு மாற்றியது.

பள்ளிக்கூடத்துக் காலை

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், காலை நேரம் மிச்சமாக மூன்று வழிகள் தெரிகின்றன. முந்தின இரவுக்குத் தள்ளலாம். இன்னொருத்தி தலையில் வைக்கலாம். ஆலைக்குக் கொடுத்து, அதற்குக் காசு கட்டலாம். நாலாவதாக ஒரு வழி இருக்கிறது, பொதுச் சமையலறை.

தமிழ்நாட்டில் இதற்கு நூறு வருஷக் கதை உண்டு. 1920-இல் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. சில வருஷத்தில் பணத்துக்கு அனுமதி இல்லாமல் நின்றது. பிறகு 1956-இல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு. இந்த இரண்டும் பிள்ளைகளின் மதியத்தைப் பார்த்துக்கொண்டன. காலை அப்படியே இருந்தது.

காலைக்குத் திட்டம் வந்தது 2022-இல். செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதல் கட்டத்தில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள், 1,14,095 மாணவர்கள். அந்த 1,545-இல் 237 பள்ளிகள் தொலைவான, மலைப்பகுதிப் பள்ளிகள். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி 31,008 பள்ளிகளுக்கு விரிந்தது.

திட்டம் அறிவித்தபோது வந்த பட்டியல் இது: திங்கள் உப்புமா வகை, செவ்வாய் கிச்சடி வகை, புதன் பொங்கல் வகை, வியாழன் மறுபடி உப்புமா, வெள்ளி கிச்சடியோடு கேசரி. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி, ரவை, சேமியா அல்லது அந்தந்த ஊரில் விளையும் சிறுதானியம், சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, காய்கறி தனி. வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூர்ச் சிறுதானியத்தில் செய்ய முயல வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

மலைக் கிராமத்துக்கு இது என்ன அர்த்தம்? ஏழு மணிக்கு வண்டி ஏறுகிற அம்மாவுக்கு, பிள்ளை ஒன்பது மணிக்குப் பள்ளியில் பசியோடு உட்காருமே என்ற நினைப்பு ஒன்று குறைகிறது. நான் இறங்கி வரும்போது பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, தன் பையன் இப்போது வீட்டில் சாப்பிடாமலே ஓடுகிறான், அங்கே கிச்சடி நாள் என்றால் இன்னும் வேகமாக ஓடுகிறான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்றிதழ் இல்லை.

ஆனால் உரல் கதையைச் சொன்ன கையோடு இதையும் சொல்ல வேண்டும். அந்தக் கிச்சடியைக் கிண்டுவது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். பள்ளி மணி அடிக்கும் முன் பரிமாற வேண்டுமென்றால் அவர்கள் இருட்டில் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். நேரம் மறுபடியும் பெண்களின் கைக்குத்தான் வந்திருக்கிறது. ஒரு முக்கியமான வித்தியாசம், இந்த முறை அது கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு ஒரு பதிவேடு இருக்கிறது, ஒரு தொகை இருக்கிறது. அந்தத் தொகை போதுமா என்று கேட்கவாவது முடியும். உரலில் குத்தியவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

சாமை திரும்பி வரும் வழி

சிறுதானியம் இப்போது மரியாதையோடு திரும்பி வருகிறது. 2018-இல் மத்திய அரசு இவற்றுக்குச் சத்துமிகு தானியங்கள் என்று பெயர் மாற்றியது. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே 2023 மே மாதம், சேலத்துக்குப் பக்கத்து மாவட்டமான தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு வந்தது. அந்தப் பக்கம் களி இன்னும் தினச் சாப்பாடு என்பதால் பொருத்தமான தொடக்கம். சேர்வராயன் மலைக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. உமி நீக்கிய சாமை ரேஷனில் கிடைத்தால் அந்தத் தூக்குப்போசிக்குள் அது மறுபடி போகாதா என்ன?

சரி, இவ்வளவு படித்துவிட்டு "நாளைக் காலைக்கு என்ன செய்ய?" என்று கேட்பவர்களுக்கு, நான் வீட்டில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சாமை உப்புமா: உமி நீக்கிய சாமை ஒரு டம்ளருக்குத் தண்ணீர் இரண்டரை டம்ளர். தாளித்து, வெங்காயம், கேரட், பீன்ஸ் வதக்கி, தண்ணீர் கொதித்ததும் கழுவிய சாமையைப் போட்டு மூடி, சிறு தீயில் கால் மணி நேரம். ரவை உப்புமாவை விடப் பத்து நிமிடம்தான் அதிகம். கட்டி தட்டும் பயமும் இல்லை.

சாமைப் பொங்கல்: மூன்று பங்கு சாமை, ஒரு பங்கு பாசிப்பருப்பு, குக்கரில் நாலு விசில். குளித்துவிட்டு வருவதற்குள் ஆகிவிடும்.

ராகிக் கூழ்: வார நாளில் முழு முறை முடியாதவர்கள், ஞாயிறு இரவு மாவைக் கரைத்து வைத்துத் திங்கள் சாயங்காலம் கிண்டி வைத்தால், செவ்வாயும் புதனும் காலையில் மோர் ஊற்றிக் கரைத்துக் குடிக்கலாம். புதனுக்கு உள்ளதை ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

பழையசோறு: இதற்குச் செய்முறை சொன்னால் அடிக்க வருவீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு இரவு அந்த மாவைக் கரைத்து வைக்கப் போவது யார், திங்கள் சாயங்காலம் கிண்டப் போவது யார் என்பதை முதலில் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கரைப்பது நான். கிண்டுவதும் இப்போது நான்தான். முதல் தடவை அடிபிடித்தது, இரண்டாவது தடவை கட்டி தட்டியது, மூன்றாவது தடவை கூழ் மாதிரி வந்தது. கை வலியெடுத்தபோதுதான் ஆயா சொன்னதன் முழு அர்த்தமும் புரிந்தது.

குடிக்கத்தான் சுலபம்.